தோட்டா நுழைந்தாற் போதுமா?

இங்கிலாந்திலே பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கொன்றை வாங்க விழைபவருக்கு அறிவுரை கூறுவோர் பலர். "12 ஆம் இலக்கத் துவக்கு, 12 ஆம் இலக்கத் தோட்டா. உள்ளே நுழைந்தாற் சுடலாம்" என்பார், பலகாலம் வேட்டையாடிய ஒருவர். நியாயமாகவே தோன்றும், ஆனால், இஃது ஆபத்தான அறிவுரை.

அவ்விலக்கம் குழலின் உள்விட்டத்தையே குறிக்கும். தோட்டா தங்கும் அறையின் நீளத்தையன்று. பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றில் அவ்வறை 2½ அங்குலமே. 2¾ அங்குலத் தோட்டாவும் அதனுள் நுழைந்துவிடும். ஏனெனில், அந்நீளம் சுட்டபின் உள்ள நீளம். சுடுமுன் தோட்டாவின் வாய் மடிந்திருக்கும். சுட்டதும் மடிப்பு விரிந்து, அறைக்கு அப்பாலுள்ள ஒடுங்கிய வழியை நெருக்கும். அமுக்கம் மிகும், பழங்குழல் வெடிக்கவுங் கூடும்.

ஆதலின், "அறையின் நீளம் யாது? அளந்தவர் யார்?" என வினவுதல் வேண்டும். 1813 இல் நிறுவப்பட்ட பேர்மிங்காம் சோதனைச்சாலை, மிகுந்த அமுக்கத்தைத் தாங்கிய குழல்களிலேயே இலச்சினை பொறிக்கின்றது. அவ்விலச்சினை உண்டா என்று பார்க்க வேண்டும். பொறித்தபின் குழல் தேய்ந்திருக்கவுங் கூடுமாதலால், கைதேர்ந்த துவக்குக் கம்மியரைக்கொண்டு அளப்பித்தலும் அவசியம்.

இவற்றுக்கு விடை கூறாதவர் எத்துணை அனுபவசாலியாயினும், அவர் சொல்லை நம்பித் துவக்கைத் தோளில் வைத்தலாகாது.