பூ மழையை விலைக்கு வாங்கும் காபித் தோட்டங்கள்

காபித்தூள் விலை ஏன் இப்படி ஏறியது என்று கேட்டால், கடைக்காரர் பிரேசிலைக் காட்டுவார். பொய்யில்லை. 2024இல் பிரேசிலில் கடும் வறட்சி, வியட்நாமிலும் வறட்சி. உலகக் காபியில் ஏறத்தாழ பாதி இந்த இரண்டு நாடுகளில்தான் விளைகிறது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. ஆனால் நம் வீட்டு ஃபில்டரில் டிகாஷனாக இறங்கும் கொட்டை பெரும்பாலும் சிக்மகளூர், குடகு, வயநாடு, ஏற்காடு, தாண்டிக்குடி என்று பக்கத்து மலைகளில் விளைந்தது. அந்த மலைகளிலும் வானிலை முன்போல் இல்லை.

பருவநிலை மாற்றம் என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். அரபிகாவுக்கு 15 முதல் 25 டிகிரி, ரொபஸ்டாவுக்கு 20 முதல் 30 டிகிரி ஏற்றது என்பது காபி வாரியத்தின் கணக்கு. வெயில் கூடினால் கெடுதல்தான். ஆனாலும் தோட்டக்காரர்களின் பெரிய கவலை வெப்பமானியைவிட நாள்காட்டியில் இருக்கிறது. ஆண்டு மழையைக் கூட்டிப் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் பெய்ய வேண்டிய வாரத்தில் பெய்திருக்காது. காபிச் செடிக்கு அந்த வாரம்தான் முக்கியம்.

காரணம், அது பூக்கும் விதம். மழைக்காலம் முடிந்த கையோடு கிளைக் கணுக்களில் மொட்டு கட்டத் தொடங்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நிலம் காய வேண்டும். அந்தக் காய்ச்சலில்தான் மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தயாராகும். பிறகு பிப்ரவரி கடைசிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் மழை விழ வேண்டும். இதுதான் பூ மழை. மழை விழுந்து எட்டு, பத்து நாளில் விடியற்காலையில் சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மல்லிகையை ஒத்த வாசம், தேனீக்களின் இரைச்சல் எல்லாம் இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் பூ வாடி உதிர்ந்துவிடும். அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை வந்தால் பிஞ்சு நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் எங்கே வேண்டுமானாலும் கோளாறு வரலாம். வெறும் தூறலோடு போனால் மொட்டு பாதி வீங்கி விரியாமல் கருகும். வெயில் மிஞ்சினால் இதழ்கள் பச்சையாகவும் விறைப்பாகவும் நட்சத்திரம்போல் நின்றுவிடும், காய் பிடிக்காது. பூத்த நாளிலேயே மழை கொட்டினால் மகரந்தம் கரையும். ரொபஸ்டாவுக்கு அயல் மகரந்தம் கட்டாயம் என்பதால் அதற்கு அடி அதிகம். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மழை முந்திக்கொள்வது. 2021 ஜனவரியில் குடகிலும் சிக்மகளூரிலும் அறுவடைக்கு நடுவே மழை பெய்தது. பறிக்க வேண்டிய பழமும் அடுத்த ஆண்டுக்கான மொட்டும் ஒரே கிளையில். பழத்தைப் பறித்தால் மொட்டு உதிரும். விட்டுவைத்தால் பழம் வெடித்துக் கொட்டும்.

இதற்குத் தோட்டக்காரர்கள் கண்ட வழி, பூ மழையைத் தாங்களே பெய்யவைப்பது. மார்ச்சில் மோட்டாரும் தெளிப்பானும் இறங்கும். சொல்வது சுலபம், தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். அதாவது 10,000 லிட்டர் லாரி பத்து நடை வர வேண்டும். பூவுக்கு ஒரு முறை, பிஞ்சுக்கு ஒரு முறை என்று வைத்தால் மூன்று ஏக்கர்காரருக்கு ஆறு லட்சம் லிட்டர் வேண்டும். அதைத் தேக்க எட்டடி ஆழத்தில் குறைந்தது ஆறு சென்ட் குளம் வேண்டும். மலைச்சரிவில் அந்த அளவுக்குச் சமதளம் கிடைப்பதே பெரும்பாடு. வெட்டினாலும் அடியில் பிளாஸ்டிக் விரிக்காவிட்டால் ஜூலையில் நிரம்பிய குளம் மார்ச்சுக்குத் தாங்காது. குளம் வெட்டவும் தெளிப்பான் வாங்கவும் காபி வாரியம் மானியம் தருகிறது. ஆனால் இந்தியக் காபி விவசாயிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் 10 ஹெக்டேருக்கு உட்பட்ட தோட்டம் வைத்திருப்பவர்கள். அவர்களில் பலரும் கைப்பணம் போட்டு இதையெல்லாம் தொடங்கும் நிலையில் இல்லை.

குளம் இல்லாதவர் ஓடையில் மோட்டார் வைப்பார். குடகின் பெரும்பாலான ஓடைகள் காவிரிக்குப் போகின்றன; ஓடை மெலிந்திருக்கும் மாதமும் மார்ச்தான். ஒரு தோட்டத்தைக் காப்பாற்றும் தண்ணீர் கீழே இன்னொருவர் கணக்கில் குறைகிறது. மழைநீரைத் தேக்கிப் பாய்ச்சுவதையும் கோடையில் ஓடையை உறிஞ்சுவதையும் ஒரே பட்டியலில் ‘தகவமைப்பு’ என்று எழுதுவது சரியாகாது.

இன்னொரு வழி, அரபிகாவைப் பிடுங்கிவிட்டு ரொபஸ்டா வைப்பது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியக் காபியில் பெரும்பகுதி அரபிகா. இன்று ஆண்டுக்கு விளையும் ஏறத்தாழ மூன்றரை லட்சம் டன்னில் பத்துக்கு ஏழு பங்கு ரொபஸ்டா. முழுப் பழியையும் வானிலைமேல் போட முடியாது. பூச்சி, கூலி, விலை எல்லாம் சேர்ந்த மாற்றம் இது. ரொபஸ்டா சூடு தாங்கும், இலைத்துரு நோய்க்கும் அவ்வளவாக அசையாது. ஆனால் பூ மழை தவறினால் அரபிகாவைவிட அதிகமாக இழப்பதும் அதுதான், அதனால்தான் தெளிப்பான் முதலில் ரொபஸ்டாத் தோட்டங்களுக்குப் போனது. சூடு தாங்கும் என்பதற்கும் எல்லை உண்டு. தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களின் பத்தாண்டு விளைச்சலை வைத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, சராசரி வெப்பம் 20.5 டிகிரியைத் தாண்டியபின் ஒவ்வொரு டிகிரிக்கும் ரொபஸ்டா விளைச்சல் ஏறத்தாழ 14 சதவீதம் குறைவதாகச் சொன்னது.

அரபிகாவைக் கைவிட வைத்த பூச்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தோட்டங்களில் போரர் என்றால் போதும்; புத்தகத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். உடலில் வெளிர் பட்டைகள் ஓடும் சின்ன வண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறக்கும். வெயில் படும் தண்டாகப் பார்த்து, பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு தண்டுக்குள் மாதக்கணக்கில் குடைந்துகொண்டிருக்கும். வெளியே தெரிவது பட்டையில் புடைத்த வரிகளும் இலையின் மஞ்சளும்தான். அதற்குள் செடி கைவிட்டுப் போயிருக்கும். பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. அதனால் வண்டு பறக்கும் முன்பே ஆட்கள் தேங்காய் நாரால் ஒவ்வொரு தண்டையும் தேய்த்து, தளர்ந்த பட்டையை உரித்து எடுக்கிறார்கள். முட்டை வைக்க வெடிப்பு இருக்கக் கூடாது. ஓர் ஏக்கரில் ஆயிரத்துக்கு மேல் செடிகள் நிற்கும் தோட்டத்தில் இது என்ன வேலை என்று யோசித்துக்கொள்ளலாம்.

வெயிலைத் தேடும் பூச்சிக்கு மாற்று நிழல். நம் தோட்டங்களின் பழைய பலமும் அதுவே. செடிக்கு மேலே கல்யாண முருங்கை, அதற்கு மேலே பலா, அத்தி, ஈட்டி என்று இரண்டடுக்கு நிழலில்தான் இங்கே காபி வளர்ந்தது. நிழலில் சூடு சில டிகிரி குறையும், சருகு மண்ணின் ஈரத்தைக் காக்கும், பெருமழையின் அடி நேராக மண்ணில் விழாது. ஆனால் நிழலுக்கும் தேதி உண்டு. தென்மேற்குப் பருவமழைக்கு முன் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் இலையும் காயும் அழுகும். மே மாதம் கழித்துவிட்டு ஜூனில் மழை வராமல் போனால்? திறந்து கிடக்கும் தண்டில் போரர் ஏறும். முன்பு தாத்தா கழித்த தேதியில் பேரன் கழித்தால் போதும். இப்போது வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துப் பார்த்து நாலு தவணையாகக் கழிக்கிறார்கள்.

நிழல் மரங்களின் வகையும் மாறிவிட்டது. நெடுநெடுவென்று சீக்கிரம் வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், வெட்டி விற்கலாம் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் பல தோட்டங்களை நிறைத்தது. வருமானத்துக்கு நல்லதுதான், பலாவும் அத்தியும் தரும் அடர்ந்த நிழல் அதில் கிடையாது. கீழ்ப் பழனி மலையில் வாழையும் மிளகும் பழைய கூட்டாளிகள். இப்போது பட்டர் ஃப்ரூட்டும் சேர்ந்திருக்கிறது. காபி ஓர் ஆண்டு காலை வாரினாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

தமிழ்நாட்டுக்கென்று தனித் தலைவலி ஒன்று உண்டு. இங்கே அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருகின்றன. பழத்தின் தோல் நீக்கி, கழுவி, களத்தில் ஒரு வாரம், பத்து நாள் காயவைத்து ஈரத்தைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், வாடை வரும், விலை போகும். 2018 நவம்பரில் கஜா புயல் கீழ்ப் பழனி மலையில் நிழல் மரங்களைச் சாய்த்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையே சரிந்தது. பாலித்தீன் கூரை போட்ட உலர்களமும் சூடான காற்றில் காயவைக்கும் இயந்திரமும் முன்பு பெரிய எஸ்டேட்களின் வசதி. இப்போது அவை சிறு தோட்டத்துக்கும் தேவை. மழை தேதி தவறி, பூ இரண்டு மூன்று தவணையாகப் பூப்பதால் பழமும் தவணையாகப் பழுக்கிறது. பறிப்புச் சுற்றுகள் கூடுகின்றன. ஆள் கூலிதான் பெரிய செலவு என்பதால் இந்த நட்டம் மெதுவாக அரிக்கும்.

புதிய ரகம் வந்து காப்பாற்றாதா என்று கேட்கலாம். காப்பாற்றியிருக்கிறது, நோயிலிருந்து. இலைத்துரு 1869இல் இலங்கையில் தலைகாட்டி, இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காபியையே ஒழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. அடுத்து அது தென்னிந்திய மலைகளுக்கும் வந்தது. சிக்மகளூர் மாவட்டத்துப் பாலெஹொன்னூரில் 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் தந்த எஸ்.795 ரகம் பல பத்தாண்டுகள் துருவைச் சமாளித்தது; 2007இல் வந்த சந்திரகிரி அந்த வரிசையில் இன்னொன்று. திண்டுக்கல் மாவட்டத்துத் தாண்டிக்குடியிலும் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் மழை தேதி தவறுவதற்கு ரகம் கிடையாது. ஆய்வாளர்கள் காட்டுக் காபி இனங்களில் தேடுகிறார்கள்: சியரா லியோனில் 2018இல் மீண்டும் கண்டெடுத்த ஸ்டெனோஃபில்லா, அரபிகாவைவிட ஆறேழு டிகிரி அதிகச் சூட்டில் வளர்ந்தும் அரபிகாவின் சுவையோடு இருப்பதாக 2021இல் எழுதினார்கள். அது தோட்டத்துக்கு வரக் காலமாகும். நம்மூர் எஸ்டேட் வேலியோரங்களில் யாரும் சட்டைசெய்யாமல் நிற்கும் எக்செல்சா மரக் காபிக்குக்கூட இப்போது மவுசு வந்திருக்கிறது.

இதற்கிடையே நல்ல விலையே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. இந்தியாவில் ஒரு ஹெக்டேரில் ஒரு டன்னுக்கும் குறைவாக விளைகிறது. வெயிலில், உரமும் பாசனமும் கொட்டி வளர்க்கும் வியட்நாமில் இரண்டரை டன்னை ஒட்டி. ரொபஸ்டா விலை உச்சத்தில் இருக்கும்போது, நிழலைக் குறைத்தால் மூட்டை கூடும் என்ற எண்ணம் யாருக்கும் வரும். 2024இன் வறட்சியில் அடிபட்ட தோட்டங்களில் அந்த வியட்நாம் தோட்டங்களும் உண்டு. அங்கே பலர் இப்போது காபிக்கு நடுவே துரியன், மிளகு என்று நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.