பந்தயம் ஒன்று, சந்தா பல

2005-ஆம் வருஷம் செப்டம்பர் 12-ஆம் தேதி, தென் லண்டனின் ஓவல் மைதானத்தில் கிரிக்கெட் வீரர் கெவின் பீட்டர்சன் 158 ஓட்டங்கள் குவித்து, ஆட்டத்தைத் தோல்வியிலிருந்து காப்பாற்றி, பதினாறு வருஷங்களாக ஆஸ்திரேலியர் வசம் இருந்த ஆஷஸ் கௌரவத்தை இங்கிலாந்துக்கு மீட்டுக் கொடுத்தார். அதைச் சானல் ஃபோரில் இலவசமாகக் கண்டு களித்த ஜனங்களுக்கு, அடுத்த கோடையிலிருந்து உள்நாட்டு டெஸ்ட் பந்தயங்கள் யாவும் ஸ்கை என்ற கட்டணத் தொலைக்காட்சியின் சந்தாதாரர்களுக்கு மட்டுமே நேரடியாகக் கிட்டும் என்ற விஷயம் முன்பே தெரிந்திருந்தது. கிரிக்கெட் வாரியம் அதற்கான ஒப்பந்தத்தை முந்தைய வருஷத்து டிசம்பரிலேயே முடித்துவிட்டது.

தேசத்துக்கு முக்கியமான விளையாட்டு வைபவங்களைப் பணம் கட்டாதவர்களும் பார்க்க வேண்டும் என்பதற்காக, பிரிட்டனில் 1996-ஆம் வருஷத்து ஒலிபரப்புச் சட்டத்தின்கீழ் ஒரு பட்டியல் உண்டு. விம்பிள்டன் இறுதி ஆட்டங்களும் உலகக் கோப்பைக் கால்பந்தும் அதன் முதல் பிரிவில் பத்திரமாக அமர்ந்திருக்கின்றன. உள்நாட்டு டெஸ்ட் பந்தயங்களோ, வாரியம் விரும்பியவண்ணமே 1998-ல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டன. அப்பிரிவில் உள்ளவற்றுக்குச் சுருக்கக் காட்சிகள் மட்டும் இலவச அலைவரிசையில் வந்தால் போதும். 1989 பிப்ரவரியில் ரூபர்ட் மர்டாக் தொடங்கி, மறு வருஷமே போட்டியாளரான பி.எஸ்.பி.யோடு இணைந்து, 1992 முதல் பிரீமியர் லீக் கால்பந்தைக் கொண்டு வேரூன்றிவிட்ட ஸ்கைக்கு, கிரிக்கெட்டும் இவ்வாறு வந்து சேர்ந்தது. வாரியத்தின் கஜானா நிறைந்தது என்பதையும், ஸ்கையின் ஒளிபரப்பு நேர்த்தியானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் லண்டனின் டூட்டிங்கிலோ ஈஸ்ட் ஹாமிலோ, ஜன்னலுக்கு மேலே டிஷ் பொருத்திய செங்கல் வீடு ஒன்றில், முழங்கால் வலியோடு சோபாவில் அமர்ந்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவரிடம் இந்த நியாயங்களைச் சொல்லிப் பாருங்கள். "எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தம்பி வேணும், மிச்சமெல்லாம் ஆருக்கு?" என்பார். அவர் கையிலிருக்கும் ரிமோட்டின் பொத்தானை அழுத்த அழுத்த, சமையல் போட்டியும், பழைய அமெரிக்கத் தொடர்களும், வீடு வாங்குவோரின் விசாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. டிஷ்ஷின் வழியே விளையாட்டு அலைவரிசைகளை வாங்குவதற்கு முன், பொழுதுபோக்கு அலைவரிசைகள் அடங்கிய அடிப்படை பேக்கேஜை வாங்கியாக வேண்டும் என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. இவையெல்லாம் போதாதென்று, 2025 ஏப்ரலில் வருஷத்துக்கு 174.50 பவுண்டாக உயர்ந்த தொலைக்காட்சி லைசென்ஸ் கட்டணம் வேறு தனியே உண்டு.

வியாபாரி ஏன் தனித்தனியாக விற்பதில்லை? பழைய திரைப்படங்களைத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கட்டாகவே விற்றுவந்த அமெரிக்க வழக்கத்தை 1963-ல் ஆராய்ந்த ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார மேதை இதற்கு விடை சொன்னார். நமது பெரியவர் கிரிக்கெட்டுக்கு மாதம் இருபது பவுண்டும் சினிமாவுக்கு ஐந்து பவுண்டும் தரத் தயார் என்றும், எதிர் வீட்டு அம்மாள் சினிமாவுக்கு இருபதும் கிரிக்கெட்டுக்கு ஐந்தும் தரத் தயார் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் தனித்தனியே இருபது பவுண்டுக்கு விற்றால் வியாபாரிக்கு நாற்பது கிடைக்கும். இரண்டையும் கட்டி இருபத்தைந்துக்கு விற்றாலோ, இருவருமே வாங்குவார்கள், ஐம்பது கிடைக்கும். சினிமாவையே தொடாத பெரியவர், சினிமாவுக்காக ஐந்து பவுண்டு அழுகிறோம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கிரிக்கெட்டை மட்டும் தனியே வாங்கினாலும் அவர் இருபது பவுண்டு கொடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்பது அவருக்குப் புலப்படுவதில்லை. கட்டை அவிழ்த்தால் பில் பாதியாகும் என்று நினைப்பது, என் அபிப்பிராயத்தில், வெறும் ஆசையே.

ஸ்கையின் ஏகபோகத்தை உடைத்தாலாவது நிவாரணம் உண்டா என்றால், அனுபவம் வேறாக இருக்கிறது. 2013-ல் பி.டி. ஸ்போர்ட் என்று தொடங்கி, 2023-ல் டி.என்.டி. ஸ்போர்ட்ஸ் என்று பெயர் மாறிய போட்டியாளர் களத்தில் இறங்கியதும், விலை இறங்குவதற்குப் பதிலாக விளையாட்டே இரு கூறாகப் பிரிந்தது. இங்கிலாந்து உள்நாட்டில் ஆடினால் ஸ்கை, ஆஸ்திரேலியா போய் ஆஷஸ் ஆடினால் மற்றவர். சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் இரண்டு கோப்பைகளை வென்ற 2010, 2011 வருஷங்களில் ஐ.டி.வி. ஃபோரில் இலவசமாக வந்துகொண்டிருந்த ஐ.பி.எல்., 2015-ல் ஸ்கைக்குப் போயிற்று. நீண்ட ஒப்பந்தம் வேண்டாதவர்களுக்கு ஸ்கையே 2012-ல் நவ் டி.வி.யைத் தொடங்கி, மறு வருஷம் 9.99 பவுண்டுக்கு ஒரு நாள் விளையாட்டு அனுமதியும் விற்றது. கால்பந்து ரசிகருக்கு அது சௌகரியம்தான். ஐந்து நாள் நடக்கும் டெஸ்டுக்கு ஒரு நாள் சீட்டை யார் யோசித்தார்களோ!

சென்னைவாசிகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. வேண்டிய கட்டண அலைவரிசைக்கு மட்டும் பணம் கொடுங்கள் என்று சொல்லி, நிபந்தனை அணுகல் முறையை 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி பெருநகரங்களுள் சென்னை மட்டுமே மெய்யாக நடைமுறைப்படுத்தியது. அதற்குத் தேவையான செட்-டாப் பெட்டியை வாங்கப் பலருக்கு மனம் வரவில்லை. 2019-ல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நூறு அலைவரிசைகளுக்கு 130 ரூபாய் அடிப்படைக் கட்டணம், அதன்மேல் விரும்பியதைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம் என்று விதித்தபோது, சன் டி.வி.யின் தனி விலை 19 ரூபாய் என்று நின்றது. கட்டாக வாங்கினால் மலிவு என்று நிறுவனங்கள் விலை வைத்ததால், ஜனங்கள் கட்டுக்கே திரும்பினார்கள்.

லண்டனில் ஒரு நாள் பழைய காலம் திரும்பியது. 2019 ஜூலை 14-ல் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஸ்கை சானல் ஃபோருடன் பகிர்ந்துகொண்டது. எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர்.

மற்ற நாட்களுக்கு ஓர் உபாயம் உண்டு. ஒப்பந்தம் முடிவதற்கு முன் நிறுவனமே அதை அறிவித்து, தன்னிடமுள்ள நல்ல விலைகளையும் சந்தாதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பிரிட்டனின் தொடர்புத் துறை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2020 பிப்ரவரியிலிருந்து நிர்ப்பந்தித்திருக்கிறது. அந்தக் கடிதத்தை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போடாமல் தொலைபேசியை எடுத்து, "நிறுத்திவிடப் போகிறேன்" என்று சொல்கிறவருக்குப் பெரும்பாலும் சலுகை கிடைக்கிறது. வாய் திறவாதவரோ அதே அலைவரிசைகளை முழு விலைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரியவரின் மகள் இந்தக் கோடைக்கு முன் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைப்பது உத்தமம்.