உஷார்! மூன்றடிக்கு ஒரு கைமரம் போதாது

புதிதாக ஓட்டுக் கூரை போட்டவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு கைமரத்தின் பக்கவாட்டில், இரு நுனிகளின் அடி விளிம்பையும் இணைத்து நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் மரம் நூலுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 12 அடி நீள மரத்தில் 10 மில்லிமீட்டர் வரை இருந்தால் பரவாயில்லை. மோகனூர்ப் பக்கம் என் அக்கா தோட்டத்து வீட்டில் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. கூரை போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. அதன் கீழேதான் குழந்தைகள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாமக்கல், பரமத்தி வேலூர், ராசிபுரம் பக்கமெல்லாம் தோட்டத்து வீட்டுக்கு மறுபடி மங்களூர் ஓடு போடும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான், வெயிலுக்கு அதைப் போல வராது. ஆனால் ஓட்டைத் தாங்கும் மரத்தைத்தான் கண்மூடித்தனமாகப் போடுகிறோம். அக்கா வீட்டில் சுவருக்கும் உத்திரத்துக்கும் நடுவே 12 அடி. போட்டது நாலுக்கு ரெண்டு சட்டம். “மூணடிக்கு ஒண்ணு போட்டாப் போதுமுங்க மாமா, மரத்துல பாதிக் காசு மிச்சம்” என்று ஆசாரி சொல்ல, அத்தானும் தலையாட்டிவிட்டார்.

அந்த மிச்சம் என்ன செய்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடு, ரீப்பர், கைமரம் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 கிலோ எடை வரும். 12 அடி நீளம், 3 அடி இடைவெளி என்றால் ஒரு கைமரத்தின் மேல் 200 கிலோ உட்கார்ந்திருக்கிறது. அதையே இரண்டடிக்கு ஒன்றாகப் போட்டிருந்தால் 135 கிலோ. இது காய்ந்த ஓட்டின் கணக்கு. ஐப்பசி அடைமழையில் ஓடு நீர் குடித்துக் கனக்கும். ஓடு மாற்ற ஒரு ஆள் மேலே ஏறினால் அவர் எடையும் அந்த ஒற்றைச் சட்டத்தின் நடுவில்தான் இறங்கும். அந்த இடத்தில் மரத்தில் ஒரு கணு இருந்துவிட்டால், எச்சரிக்கையே இல்லாமல் முறியும்.

எடையைவிடப் பொல்லாதது நீளம். எடை இரண்டு மடங்கானால் தொய்வும் இரண்டு மடங்கு. ஆனால் அதே சட்டத்தை, அதே இடைவெளியில், இரண்டு மடங்கு நீளத்துக்குப் போட்டால் தொய்வு 16 மடங்கு. 8 அடி அறைக்குப் பக்கத்து வீட்டில் போட்ட அளவை 10 அடி அறைக்கு அப்படியே எடுத்தால்கூடத் தொய்வு இரண்டரை மடங்கை நெருங்கிவிடும். “அவங்க வீட்டுல நிக்குதே” என்ற பேச்சை நம்பி மரம் வாங்காதீர்கள். அவர்கள் அறையின் அகலம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

செலவை அதிகம் கூட்டாமல் வலுவைக் கூட்டும் வழி ஒன்று இருக்கிறது. அது மரத்தின் உயரம். நாலுக்கு ரெண்டை அஞ்சுக்கு ரெண்டாக்கினால் கால் பங்கு மரம்தான் கூடுகிறது, தொய்வோ ஏறத்தாழப் பாதியாகிறது. ஓட்டுக் கூரைக்கு 10 அடி நீளம், 2 அடி இடைவெளி என்றால் நல்ல தேக்கிலேயே நாலுக்கு ரெண்டு தொய்ந்துவிடும், அஞ்சுக்கு ரெண்டு வேண்டும். தேக்கைவிட வலுக் குறைந்த மரமென்றால் இன்னும் உயரம் வேண்டும். மரக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 883, ஓடு போன்ற உடையும் பொருளைத் தாங்கும் மரம் தன் நீளத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது என்கிறது. நூல் பிடித்து அளக்கச் சொன்னேனே, அந்த 10 மில்லிமீட்டர் இதிலிருந்து வந்ததுதான்.

இன்னொன்றையும் என் கண்ணால் பார்த்தேன், இன்னும் நெஞ்சு பதறுகிறது. ரீப்பர் அடிக்க வசதி என்று சில சட்டங்களைப் படுக்கை வாட்டில் போட்டிருந்தார்கள். நாலுக்கு ரெண்டைப் படுக்கப் போட்டால் வலு பாதி, விறைப்பு கால்வாசிதான். வாங்கியது ஒரே மரம், கொடுத்தது ஒரே காசு. சட்டம் எப்போதும் நெட்டுக்குத்தாகத்தான் நிற்க வேண்டும்.

மரக்கடைக்குப் போகும்போது டேப்பைக் கையில் எடுத்துப் போங்கள். நாலுக்கு ரெண்டு என்று கன அடிக் கணக்குப் போட்டுக் கொடுத்தது, இழைத்த பிறகு மூன்றே முக்காலுக்கு ஒன்றே முக்காலாக இருக்கும். கால் அங்குலம்தானே என்று விட்டுவிட்டால் வலுவில் கால் பங்கு போச்சு. அமெரிக்க வீடியோக்களில் சொல்லும் அளவுகளையும் இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே ‘டூ பை ஃபோர்’ என்று பெயர்தானே தவிர, உள்ளபடி அது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். 16 அங்குலத்துக்கு ஒன்று என்ற அவர்கள் இடைவெளியில் 8 அடிப் பலகை சரியாகப் பொருந்தும். மூன்றடிக்கு ஒன்று போடும் நாம் அவர்களுடைய மெலிந்த சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

பனை, தென்னை வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். வைரம் வெளியே இருப்பதைப் புல் என்றும், உள்ளே இருப்பதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. ஆசாரிக்கு அது இன்றைக்கும் உதவும் பாடம். தேக்கிலும் வேங்கையிலும் நடுப்பகுதி உறுதி. பனையிலும் தென்னையிலும் வெளி வளையம்தான் உறுதி, நடுவில் இருப்பது வெறும் சோறு. கறுத்த நார் நெருக்கமாகத் தெரியாத தென்னஞ்சட்டத்தைத் தொடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021இல் அரசு அறிவித்த பிறகு, பழைய வீடு பிரித்த பனங்கைகளைத் தேடிப் போகிறவர்கள் அதிகம். அவற்றில் முதிர்ந்த நல்ல மரம் கிடைக்கும். ஆனால் சுவருக்குள் புதைந்திருந்த நுனியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் கறையான் உள்ளே குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த நுனியை அறுத்துத் தள்ளுங்கள், நீளம் குறைந்தாலும் பரவாயில்லை.

பரண் போட்டிருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். குடியிருக்கும் வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்றுதான் கணக்கு வைப்பார்கள். கோழித் தீவனத்துக்கான மக்காச்சோள மூட்டை 50 கிலோ. ஐந்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த இடத்தில் பாரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மூட்டையைச் சுவரோரமாகப் பரப்பி வையுங்கள், பரணின் நடுவில் அடுக்காதீர்கள். ஃபேன் கொக்கிக்காகவோ ஒயருக்காகவோ மரத்தின் நடுப்பகுதியில் அடிவிளிம்பைக் கொத்தவே கூடாது. இழுபடும் நார் அங்கேதான் இருக்கிறது.

ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து. ஓட்டின் எடைதான் இத்தனை நாளும் கூரையைப் பிடித்து வைத்திருந்தது. சித்திரை, வைகாசிச் சூறைக்காற்று தகரத்தை மேலே தூக்கும். கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையும் போல்ட்டும் வைத்து இறுக்காமல், ஆணியை மட்டும் நம்பினால் கூரை அடுத்தவர் தோட்டத்தில்தான் கிடக்கும்.

அக்கா வீட்டுக்கு ஒரு பொறியாளரை அழைத்து வந்து காட்டினோம். ஓட்டைப் பிரிக்க வேண்டியதில்லை என்றார். 12 அடிக்கு நடுவில் குறுக்காக ஓர் உத்திரமும் அதைத் தாங்கத் தூண்களும் கொடுத்தால் ஒவ்வொரு கைமரமும் 6 அடிதான் தாண்ட வேண்டும். மேற்குப் பக்கம் வேலை முடிந்துவிட்டது. கிழக்குப் பக்கத்து உத்திரத்துக்கு மரம் அறுக்கக் கொடுத்திருக்கிறோம். அது வந்து ஏறும்வரை அந்த அறையில் யாரும் படுப்பதில்லை.