இரும்பே சொல்லும் தேதி

பழைய டிராக்டரின் வயதைக் கேட்டால் உரிமையாளர் முதலில் காட்டுவது பதிவு எண்ணைத்தான். மலேசியாவின் பேராக் மாநில வண்டி என்பதற்கு அடையாளமாக ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் அந்த எண், வண்டி எப்போது பதிவானது என்பதைச் சொல்லும். ஆலையை விட்டு எப்போது வந்தது என்பதைச் சொல்லாது. தோட்டத்து மண்சாலையைத் தாண்டாத வண்டிக்கு அதுகூட இல்லாமல் போகலாம். அடுத்தபடியாகப் பார்ப்பது ரிவெட் அடித்த சிறு தகடு. அதிலுள்ள வரிசை எண்ணை ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றைச் சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதும் இந்தப் பழக்கம் எங்கும் ஆபத்துதான். பேராக் தோட்டங்களில் ஓடிய வண்டிகளுக்கு இன்னும் ஆபத்து.

பட்டியல் சரியாக உதவும் வண்டிகளும் உண்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை தயாரான சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர்களின் எண்கள் 517,651 வரை ஒரே வரிசையாகப் போகின்றன. 1948-இன் வண்டிகள் 20,895-இல் தொடங்குகின்றன, 1949-இன் வண்டிகள் 77,773-இல். ஆகவே 50,000 என்ற எண்ணைக் கண்டால் 1948 என்று தயங்காமல் சொல்லலாம். முன்னெழுத்தும் உதவும்: டிஇஏ என்றால் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் பெட்ரோல் என்ஜின், டிஇஎஃப் என்றால் டீசல்.

ஃபோர்ட் 3000, 5000 ரகங்களுக்குக் கணக்கே வேறு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பக்கத்தில் காய்ந்த சேற்றையும் கிரீஸையும் சுரண்டி, கம்பி பிரஷால் தேய்த்தால் வண்டியைப் பூட்டிய தேதியைச் சொல்லும் எழுத்துகள் தட்டையான இரும்பில் குத்தியிருப்பது தெரியும். ‘5 சி 14 ஏ’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 என்பது ஆண்டின் கடைசி இலக்கம், சி மூன்றாம் மாதமான மார்ச், 14 தேதி, கடைசி எழுத்து எந்த ஷிஃப்ட் என்பது. மாதங்களுக்கு ஆங்கில எழுத்துகளை வரிசையாக வைத்தவர்கள், 1 போலத் தெரியும் என்பதால் ‘ஐ’யை மட்டும் தாண்டிவிட்டார்கள். அதனால் டிசம்பர் ‘எம்’ ஆகிவிட்டது. சிக்கல் அந்த 5-இல்தான். 1965-ஆ, 1975-ஆ? இந்த ரகங்கள் இரண்டு ஆண்டுகளிலுமே தயாராயின. அங்கேயே குத்தியிருக்கும் வரிசை எண் எவ்வளவு பெரியது, 1968-இல் செய்த மாற்றங்கள் வண்டியில் உண்டா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

என்ஜின் பிளாக், கியர்பாக்ஸ் கூடு, பின் ஆக்சில் கூடு ஆகியவற்றில் வார்க்கும்போதே புடைப்பாக வந்த தேதிகளும் இருக்கும். வார்த்த பிறகுதான் வண்டியைப் பூட்ட முடியும். எனவே வார்ப்புத் தேதி பூட்டிய தேதிக்குச் சற்று முன்னதாக இருந்தால் உறுப்பு பிறவியிலேயே வந்தது எனலாம். பின்னதாக இருந்தால் அது மாற்றப்பட்டது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தகட்டைக் கழற்றி வேறொன்றில் அடிக்கலாம், புதிதாகவும் அச்சிட்டு வாங்கலாம். பிளாக்கில் புடைத்து நிற்கும் எண்ணை அப்படி மாற்றுவது எளிதல்ல.

பிறந்த தேதி தெரிந்து உழவுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உதிரிபாகக் கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஃபெர்குசன் பெட்ரோல் என்ஜினின் சிலிண்டர் விட்டம் 1951-இல் 80 மில்லிமீட்டரிலிருந்து 85-ஆகக் கூடியது. தகட்டின் எண்ணைச் சொல்லி பிஸ்டனும் லைனரும் வாங்கிவந்த பிறகு, உள்ளே இருப்பது வேறு வண்டியின் என்ஜின் என்று தெரிந்தால் காசு வீண்.

உறுப்பு மாறிய வண்டிக்கு மதிப்பில்லை என்பது சேகரிப்பாளர்களின் வாதம். ஏலச் சந்தையில் அது எடுபடும். இங்கே நடந்தது வேறு. 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது நிலம் கைமாறியது, தொழிலாளர் வேலையிழந்தனர். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணமே அதுதான். நிலமே கூறுபட்ட காலத்தில் கிராணியின் கணக்குப் புத்தகமும் பட்டறைப் பதிவேடும் பத்திரமாக இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பின்னர் ரப்பர் போய் செம்பனை வந்தது. வண்டி இழுக்க வேண்டிய சுமையும் மாறியது. 1965-இல் பூட்டிய வண்டியில் 1971-இன் பிளாக் இருந்தால், அதன் பிறகு எப்போதோ ஒரு பட்டறை அந்த வண்டியைக் கைவிடாமல் மறுபடி ஓடவைத்திருக்கிறது என்பது உறுதி. பெயிண்ட் அடிப்பதற்காக அந்தப் புடைப்பு எண்களைத் தேய்த்துவிடுகிறவர்கள், அதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.