முட்டுக் கொடுப்பவன்

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்றாம் முறையாகச் சோறு வாங்கிக்கொண்டு திரும்பிய என்னை, முன்பின் அறியாத மாணவர் ஒருவர் வழிமறித்தார். “எடை எவ்வளவு?” என்று கேட்டார். “104 கிலோ” என்றேன். இந்த எண்ணைச் சொல்லி நான் நாணியதுண்டே தவிர, அதைக் கேட்டு ஒருவர் முகம் மலர்ந்து நான் கண்டதில்லை. அன்று கண்டேன். “தம்முடு, நாங்கள் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ப்ராப் நீதான்” என்று தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து சொல்லி என் தோளைத் தட்டினார். அவர் ரக்பி ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

ரக்பி நம் விடுதிக்கு முற்றிலும் புதிதன்று. 2025 ஜூன் மாதம் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதன்முதலாக நடந்தபோது, ஆறு அணிகளுள் ஹைதராபாத் ஹீரோஸும் இருந்தது, சென்னை புல்ஸும் இருந்தது. உண்பது இந்த ஊர்ச் சோறு, பிறந்தது அந்த மண். எந்தப் பக்கம் கை தட்டுவது என்று நம் தமிழ் நண்பர்களிடையே பெரிய தர்க்கமே நடந்தது. கோப்பை சென்னைக்குப் போனதால் தர்க்கம் அடங்கியது. ஆனால் அது பக்கத்துக்கு 7 பேர் ஆடும் விரைவு ஆட்டம். 16 நிமிடத்தில் முடிந்துவிடும். நான் இழுக்கப்பட்டது 15 பேர் ஆடும், 80 நிமிட ஆட்டத்துக்கு. அதிலும் ப்ராப் என்ற இடத்துக்கு.

ப்ராப் என்ற சொல்லுக்கு முட்டு என்று பொருள். குலை தள்ளிய வாழை சாயாமலிருக்க ஊரில் கவைக்கம்பு ஊன்றுகிறோமே, அதே முட்டுத்தான். எதற்கு முட்டு என்பதைச் சொல்ல வேண்டும்.

ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக்கூடாது. கையிலிருந்து முன்புறம் நழுவவும் விடக்கூடாது. அப்படி நேர்ந்தால் ஆட்டத்தை நிறுத்தி, ‘ஸ்க்ரம்’ என்னும் முறையில் மீண்டும் தொடங்குவார்கள். பக்கத்துக்கு 8 பேர் குனிந்து, ஒருவரையொருவர் இறுகப் பற்றி, எதிர்ப்பக்கத்து எட்டுப் பேரோடு தோள் முட்டி நிற்பார்கள். இடையே பந்து உருட்டப்படும். முன்வரிசையில் மூவர். நடுவே நிற்பவர் ஹூக்கர். பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பது அவர் வேலை. அவருக்கு இருமருங்கும் முட்டுப்போல நிற்பவர்களே ப்ராப்புகள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர் தள்ளுகிறார்கள். உலகத்தரமான அணியில் எட்டுப் பேரின் எடை ஏறத்தாழ 900 கிலோ. எதிரே அதே அளவு எடை. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டிருப்பவை ஆறு பேரின் கழுத்துகள்.

இரண்டு ப்ராப்புக்கும் ஒரே வேலை என்று எண்ணியிருந்தேன், தவறு. இடப்பக்கத்தவரின் ஒரு காதுக்காவது வெளிக்காற்று படும். வலப்பக்கத்தவரின் தலையோ எதிரிகள் இருவரின் தலைகளுக்கிடையே செருகப்பட்டிருக்கும். இரு தோளிலும் பாரம். எடை மட்டும் இருந்தால் இங்கே ஒன்றும் நடவாது. முதுகு பலகைபோல நேராக இருக்கவேண்டும்; பின்னாலிருந்து வரும் விசை வளையாமல் முன்னே போகவேண்டும். தோள் இடுப்பைவிடத் தாழக்கூடாது என்று விதியே இருக்கிறது. தாழ்ந்தால் தலை மண்ணை நோக்கிப் போகும், பின்னால் தள்ளுபவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் தள்ளிக்கொண்டேயிருப்பார்கள்.

என் முதல் நாளிலேயே என் தோள் தாழ்ந்தது. குவியல் சரிந்தது. கன்னத்தில் புல்லும், காதில் யாரோ ஒருவரின் முழங்காலும் இருக்க, எனக்கு மேலே எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். பத்து நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வகுப்பில் பக்கத்திலிருப்பவரைப் பார்க்க உடம்போடு திரும்பினேன். படுத்துக்கிடந்த நாட்களில்தான் இந்த வேலையையே பிழைப்பாகக் கொண்டவர்களைப் பற்றிப் படித்தேன்.

அவர்களுள் என் மனத்தைக் கவர்ந்தவர் ஜேசன் லெனார்ட். லண்டனின் பார்க்கிங் என்ற பகுதியில் 1968-இல் பிறந்தவர். தொழில் தச்சு வேலை. 1990-இல் தம் 21-ஆம் வயதில், அர்ஜென்டினாவில், இங்கிலாந்து அணிக்காக முதன்முதல் ஆடினார். அக்காலத்தில் இந்த ஆட்டத்துக்குக் கூலி கிடையாது, வாங்கவும் கூடாது. மரம் அறுத்துப் பிழைத்துக்கொண்டே நாட்டுக்காக முட்டினார். 1992-இல் அவர் கழுத்தெலும்புகளுக்கிடையே இருக்கும் வட்டு கிழிந்தது. மருத்துவர்கள் அவருடைய இடுப்பிலிருந்து எலும்புத் துண்டு ஒன்றை எடுத்துக் கழுத்தில் பொருத்தினார்கள். இத்துடன் விட்டது என்று நாமாக இருந்தால் ஊருக்கு வண்டியேறியிருப்போம். அவர் அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் மீண்டும் இங்கிலாந்தின் முன்வரிசையில் நின்றார்!

1995 ஆகஸ்டில், இனி ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறலாம் என்று உலக ரக்பி அமைப்பு பாரிசில் அறிவித்தது. அன்றுமுதல் லெனார்டுக்கு ஆட்டமே உத்தியோகம். ஹார்லிக்வின்ஸ் என்ற லண்டன் அணியில் 2004 வரை ஆடினார். இங்கிலாந்துக்காக ஆடியவை 114 ஆட்டங்கள். அவற்றில் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை ஊன்றியது எத்தனை முறை தெரியுமா? ஒரே முறை, 1996-இல். மற்ற 113 ஆட்டங்களிலும் பிறர் ஓடுவதற்கு இவர் முட்டுக் கொடுத்தார்.

2003 நவம்பர் 22. சிட்னி நகரில் உலகக்கோப்பை இறுதியாட்டம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஸ்க்ரமில் இங்கிலாந்து முன்வரிசையை நடுவர் மீண்டும் மீண்டும் தண்டித்தார். அப்படிக் கிடைத்த ஓர் உதையால் ஆஸ்திரேலியா கடைசி நிமிடத்தில் சமன் செய்து, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அப்போது 35 வயது லெனார்டை இறக்கினார்கள். அதற்குப் பிறகு ஸ்க்ரமில் தண்டனை இல்லை. இங்கிலாந்து 20–17 என்று வென்றது. உலகம் நினைவில் வைத்திருப்பது கடைசி நிமிடத்தில் வில்கின்சன் உதைத்த உதையை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லெனார்டும் குறை சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னவனாவேன். அன்று லெனார்டோடு தோள்கோத்து நடுவே நின்ற ஹூக்கர் ஸ்டீவ் தாம்சன். அந்தக் கோப்பையை வென்றது தமக்கு நினைவில்லை என்று 2020 டிசம்பரில் அவர் சொன்னார். அப்போது அவருக்கு வயது 42. மறதி நோய் தொடங்கிவிட்டதென்று மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அவரும் வேறு பல பழைய ஆட்டக்காரர்களும் ஆட்டத்தை நடத்தும் அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்தார்கள். ஊதியம் வந்தபின் ஆட்டக்காரர்கள் கனத்தார்கள், மோதல்கள் கடுத்தன, பயிற்சி நாள்தோறும் ஆயிற்று. தச்சுப்பட்டறைக்குப் போகவேண்டியவனுக்கு வாரத்தில் சில நாளாவது தலைக்கு ஓய்வு இருந்தது. கூலி கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உடம்பை அடகு வைப்பவனுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். அடகின் முழுக்கணக்கை அவனிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்கிறேன்.

விதிகளும் மாறாமலில்லை. முன்பு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு நின்று, ஆட்டுக்கடா போலப் பாய்ந்து மோதுவார்கள். 2013 முதல், குனிந்து, எதிராளியின் சட்டையை முதலில் பற்றிக்கொண்டு, அதன்பின்பே முட்ட வேண்டும் என்றாக்கினார்கள். மோதும் விசை குறைந்தது. 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்குமேல் தள்ளக்கூடாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்ட விதி வேறொன்று: முன்வரிசையில் நிற்கப் பழகியவர்கள் இல்லையென்றால், தள்ளாமலே ஸ்க்ரம் நடத்தலாம். இருபுறமும் குனிந்து பற்றுவார்கள். பந்தைப் போட்ட அணியே எடுத்துக்கொள்ளும். சட்டப்படி சரியானது, யாருக்கும் இழிவில்லை.

கழுத்து நேரானதும் ஆள் சேர்த்த அண்ணனைத் தேடிப்போய் இந்த விதியைக் காட்டினேன். கழுத்துக்கும் முதுகுக்கும் முறையான பயிற்சி முடியும்வரை தள்ளாத ஸ்க்ரம்தான் என்றால் வருகிறேன், இல்லையேல் நான் வெறும் சாப்பாட்டுராமனாகவே இருந்துவிடுகிறேன் என்றேன். நெடுநேரம் யோசித்தார். டென்டாய் ம்டவாரிராவைத் தெரியுமா என்று கேட்டார். ஜிம்பாப்வேயில் பிறந்து, பின்வரிசையில் ஓடி ஆடியவரை டர்பனில் ப்ராப் ஆக்கினார்களாம். அவர் தென்னாப்பிரிக்காவுக்காக 117 ஆட்டங்கள் ஆடி 2019-இல் உலகக்கோப்பையும் வென்றார். “அவரும் ஒரே நாளில் கற்கவில்லை” என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

இப்போது வாரத்தில் மூன்று காலை, சுவரில் பந்தை வைத்து நெற்றியால் அழுத்திக்கொண்டு நிற்கிறேன். பார்ப்பவர்கள் வேண்டுதல் என்று நினைக்கிறார்கள். ஊரில் அம்மாவிடம், காலையில் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இந்த இதழ் எங்கள் ஊர்வரை போகாது என்ற தைரியத்தில்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.