தராசின் இரண்டு தட்டு

தேத்தண்ணி ஆறுவதற்குள் ஓலைத்தொடுவாய்க் கரைப் பக்கம் கொஞ்சம் நடப்போம். மன்னார்க் கரையோரங்களில் நண்டுவலை கரைக்கு வந்ததும் பெண்கள் சுற்றிக் குந்தியிருந்து நண்டு கழற்றுவார்கள். காலில் நைலோன் நூல் இறுகியிருக்கும். பின்பக்கமாகப் பிடித்து, கொடுக்கு விரலைக் கவ்வாமல், கால் முறியாமல் எடுக்க வேண்டும். கால் போன நண்டுக்கு விலை குறைவு.

இவர்களுக்கு என்ன கூலி நியாயம்? "கடலுக்குப் போகிறவரின் வேலை வேறு, கரையில் இருப்பவளின் வேலை வேறு, கூலியும் வேறுதானே" என்போம். நாம் எல்லாரும் தவறுவது இந்த இடத்தில்தான். சம சம்பளம் என்றால் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று மட்டும் நினைக்கிறோம். இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்ட சர்வதேச தொழில் தாபனத்தின் 100ஆம் இலக்கச் சமவாயம் சொல்வதோ சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம்.

வேறு வேறு வேலையை எப்படி ஒப்பிடுவது? தராசைப் பாருங்கள். ஒரு தட்டில் நண்டு, மறுதட்டில் படிக்கல். பொருள் வேறு, நிறை ஒன்று. வேலைக்குப் படிக்கல் நான்கு: திறமை, உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல். ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவதைத் தொழில் மதிப்பீடு என்பார்கள். கடலில் உயிராபத்து உண்டு. அதற்குரிய புள்ளி கடலோடிக்கே. ஆனால் விரல் நுட்பத்துக்கும், விலை கெடாமல் காக்கும் பொறுப்புக்கும் அவளுக்குப் புள்ளி உண்டு. கூட்டிய பிறகு வித்தியாசம் வந்தால் வரட்டும், கூட்டாமலே வரக்கூடாது.

திறமையைக் குறைத்து மதித்த கதையும் உண்டு. லண்டன் டாகன்ஹம் போர்ட் ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்களைத் திறனற்ற தொழிலாளர் என்று வகுத்திருந்தார்கள். 1968இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1970இல் அந்த நாட்டில் சம சம்பளச் சட்டம் வந்தது. அவர்களின் திறமைக்குரிய தரம் கிடைத்ததோ 1984இல்தான். நம் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் ஆண் பெண் நாட்கூலி சமமானதும் அதே ஆண்டில்தான்.

ஒரு சிக்கல் மிச்சம். இந்தத் தராசு ஒரே முதலாளியிடம் நன்றாக நிற்கும். படகுக்காரர் ஒருவர், நண்டு வாங்குபவர் வேறொருவர் என்றால் யாருடைய கணக்கில் நிறுப்பது? அப்போது எல்லாருக்கும் பொதுவான ஓர் அடிமட்டம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் அதற்குத்தான். 2026 ஜனவரி முதல் அந்தக் குறைந்தபட்ச வேதனம் நாளுக்கு 1,200 ரூபா. கிலோக் கணக்கில் கூலி வாங்கும் அக்காமார் ஒரு கொப்பியில் நேரத்தையும் நிறையையும் பத்து நாள் எழுதி, அந்த 1,200க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.