அலமாரி மேல் கிடக்கும் தோட்டத்து நாடாக்கள்: பழைய கணினியில் சொந்தச் சேமிப்பகம்

பீடோர் – தோட்டத்து மாரியம்மன் திருவிழா, அக்காவின் கல்யாணம், தம்பியின் காதுகுத்து. 1980களிலும் 90களிலும் இவற்றைப் பதிவு செய்த வீஎச்எஸ் நாடாக்கள் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. பால்மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை. லயங்கள் இடிக்கப்பட்டு, பெரட்டுக் களம் இருந்த இடமே தெரியாமல் போன தோட்டங்கள் பேராக்கில் நிறைய உண்டு. அந்த லயத்தின் வாசல் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால் சில வீடுகளில் அந்த நாடாவைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

நாடாவுக்கும் ஆயுள் உண்டு. நம் ஊர் ஈரக் காற்றில் அதில் பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டிக் காட்டும் கருவியைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனிப் பழைய கருவிகளைத் தேடிப் பிடித்துத்தான் வேலையை முடிக்க வேண்டும். வெள்ளைப் பூஞ்சை படிந்த நாடாவை அப்படியே கருவிக்குள் போடக் கூடாது. கருவியின் தலைப்பகுதி கெட்டு, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பூஞ்சை தொற்றும்.

சரி, நாடாவைக் கோப்பாக மாற்றியாகிவிட்டது. எங்கே வைப்பது? கூகளில் ஏற்றிவிட்டால் போதும் என்பதுதான் பெரும்பாலோரின் பதில். படங்களுக்கு வரம்பில்லாமல் கொடுத்த இலவச இடத்தை அந்நிறுவனம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இப்போது மின்னஞ்சல், படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட்தான் இலவசம். இதைவிடக் கவனிக்க வேண்டிய விதி இன்னொன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறை 2023 டிசம்பரில் தொடங்கியது. இறந்துபோன அப்பாவின் கைப்பேசிப் படங்கள் அவர் கணக்கிலேயே இருக்கின்றன, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்றால் இந்த விதி அந்த வீட்டுக்கும் பொருந்தும்.

மலேசியத் தமிழர்களுக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. சுங்கை பட்டாணியைச் சேர்ந்த டாக்டர் ஜெயபாரதி யாஹூவில் 'அகத்தியர்' என்ற மடற்குழுவை நடத்தினார். இலக்கியம், வரலாறு, சமயம் என்று ஆண்டுக்கணக்கில் அங்கே எழுதிக் குவித்தார்கள். யாஹூ குழுமங்களில் இருந்த பழைய மடல்களை நீக்கப்போவதாக 2019-இல் அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பர் 15-ஆம் தேதி அந்தச் சேவையே மூடப்பட்டது. தனியாகப் பிரதி எடுத்து வைத்தவர்களிடம் இருந்ததுதான் மிச்சம்.

ஆகவேதான் உலகெங்கும் கணினி ஆர்வலர்கள் வீட்டிலேயே ஒரு 'செர்வர்' வைத்துக்கொள்கிறார்கள். பெயர்தான் பெரிது. ஓரமாகப் போட்டுவைத்த மடிக்கணினியோ, அலுவலகம் கழித்துவிட்ட சிறிய கணினியோ போதும். அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, இருபத்து நான்கு மணி நேரமும் ஓடவிட வேண்டும். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ் இலவசம். 1993 முதல் வரும் டெபியன் என்ற பதிப்பு பழைய கணினியிலும் நன்றாக ஓடும்.

மின்கட்டணத்தை நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். 15 வாட் எடுக்கும் மடிக்கணினி மாதம் முழுக்க ஓடினால் 10.8 யூனிட் ஆகும். 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினி என்றால் 43.2 யூனிட். குறைந்த மின்சாரம் இழுப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மடிக்கணினியில் மின்கலம் இருப்பதால், கரண்ட் போய் வந்தாலும் சட்டென்று அணையாது. ஆனால் எந்நேரமும் மின்னேற்றத்திலேயே இருக்கும் பழைய மின்கலம் உப்பக்கூடும். மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்கட்டணத்தைவிட இடிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மலையடிவாரத்தில் இருக்கும் பீடோர்க்காரர்களுக்குச் சாயங்கால இடி மின்னலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபைபர் இணைப்பு கண்ணாடி இழை என்பதால் அதன் வழியாக மின்னல் ஏறாது. மின்கம்பி வழியாக ஏறும். பாதுகாப்புப் பிளக்கும், முடிந்தால் ஒரு யூபிஎஸ்ஸும் அவசியம். வன்தட்டு வாங்கும் காசில் இதற்கும் ஒதுக்க வேண்டும்.

மென்பொருளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். வீடியோவுக்கு ஜெல்லிஃபின். எம்பி என்ற மென்பொருள் தன் நிரலைத் திறந்து வைப்பதை நிறுத்தியபோது, அதிலிருந்து 2018 டிசம்பரில் பிரிந்து வந்தது. கூடத்துத் தொலைக்காட்சியில் அதன் செயலியைத் திறந்தால் அக்காவின் கல்யாணம் படச்சுருளோடு வரிசையில் நிற்கும். கைப்பேசிப் படங்களுக்கு இம்மிச். எடுத்த படங்களைத் தானாகவே வீட்டுக் கணினிக்கு அனுப்பிவிடும். பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பாடக் கோப்புகளுக்கு 2016-இல் வந்த நெக்ஸ்ட்கிளவுட். (திருட்டுத்தனமாக இறக்கிய புதுப் படங்களை அடுக்கி வைக்கவும் சிலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். அது பதிப்புரிமைச் சட்டத்துக்குப் புறம்பானது, இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.)

இடம் எவ்வளவு வேண்டும்? நாடாவை விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.8 ஜிகாபைட். ஒரு டெராபைட் தட்டில் 550 மணி நேரம் கொள்ளும். ஒரு குடும்பத்தின் நாடாக்கள் மட்டுமல்ல, ஒரு தோட்டத்தின் நாடாக்களே அடங்கிவிடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'பீடோர்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறியீடு, 18 பைட். திருவிழா, ஆண்டு, தோட்டம், உபயக்காரர் பெயர் எல்லாம் சேர்த்து நீளமாக எழுதினால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், லினக்ஸுக்கு நகல் எடுக்கும்போது அந்த ஒரு கோப்பு மட்டும் வராமல் நின்றுவிடும். பெயரைச் சுருக்கமாக வைத்து, விவரங்களைக் கூடவே ஓர் எழுத்துக் கோப்பில் எழுதுவதே சரி. படத்தில் இருப்பவர் யார், கிராணி யார், மண்டோர் யார் என்பதைப் பாட்டி சொல்லும் நிலையில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். இந்த வேலையை எந்த மென்பொருளும் செய்து தராது.

பீடோரில் இருக்கும் கணினியை ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் பார்க்க முடியுமா? முடியும். ஆனால் வழி முக்கியம். பல இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால் வெளியிலிருந்து நேராக நுழைய இயலாது. நுழைய முடிந்தாலும் ரவுட்டரில் கதவைத் திறந்து வைப்பது ஆபத்து. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற மிரட்டல் நிரல், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் சேமிப்புக் கருவிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பாதைச் செயலியைக் குடும்பத்தார் கைப்பேசிகளில் போட்டுக்கொண்டால் கதவு எதையும் திறக்காமலே பார்க்கலாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அது இலவசம். வெளியிலிருந்து படம் பார்க்கும்போது வீட்டு இணையத்தின் ஏற்றும் வேகம்தான் கணக்கு.

செர்வர் வைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. வன்தட்டு ஒருநாள் சாகும். இரண்டு தட்டுகளை இணைத்து ஒன்றின் பிரதியாக மற்றொன்றை ஓட்டினாலும், தவறுதலாக அழித்தது இரண்டிலும் அழியும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. ஒரு வெளித் தட்டில் எல்லாவற்றையும் நகலெடுத்து, தீபாவளிக்கு வரும் ஈப்போ அண்ணனிடம் கொடுத்தனுப்பலாம். அடுத்த பொங்கலுக்கு அதைத் திரும்ப வாங்கி, புதியவற்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அப்போதே அதிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து ஓட்டிப் பார்ப்பது முக்கியம்.

கடவுச்சொற்களையும், கணினியை அணைத்து மீண்டும் இயக்கும் முறையையும் தாளில் தமிழில் எழுதி, நிலப்பத்திரம் இருக்கும் உறையிலேயே வைக்கலாம். வீட்டில் இதைப் புரிந்து நடத்துபவர் பெரும்பாலும் ஒரே ஆளாகத்தான் இருப்பார். அவர் வெளியூர் வேலைக்குப் போன மறுவாரமே ரவுட்டர் மாற்ற ஆள் வரக்கூடும்.